மூணாவது எல்சிடி வாங்காதீங்க

டிசம்பர் பொறந்தாப் போதும், புனேல நம்ம தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குழுவுல ஒரே கேள்விதான். "சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ரெடிமேட் புராஜெக்ட் எங்க கிடைக்கும்?" உடனே நாலு பேர் பதில் போடுவாங்க. புத்வார் பேட்டைல இந்தச் சந்துல போங்க, மாடலும் சார்ட்டும் சேர்த்தே குடுப்பான், டீச்சர் கேட்டா என்ன சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதியும் குடுப்பான், பேரம் பேசினா 2,500 ரூபாய்க்கு முடிச்சுக்கலாம். அஞ்சாவதா ஒருத்தர் ரெண்டு கை கூப்பிய படம் போட்டு "ரொம்ப நன்றி ஜி"ம்பார். முடிஞ்சது பிள்ளையோட விஞ்ஞானம்.

புனேன்னு இல்லை. பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி செங்கோட்டைக்கு எதிர்ல லஜ்பத் ராய் மார்க்கெட், ஐதராபாத் கோட்டி, நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்... எல்லா எலக்ட்ரானிக்ஸ் சந்துலயும் இதே வியாபாரம் உண்டு. கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் பொழப்பு அது. நான் சண்டைக்கு இழுக்கறது நம்மளைத்தான். ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, பொட்டி தட்டிப் பொழைக்கற அப்பா அம்மாக்களை.

சிலர் ரொம்ப நல்லவங்க, ரெடிமேட் வாங்க மாட்டாங்க. பிள்ளையையே செய்யச் சொல்வாங்க. ஆனா செஞ்சது வேலை செய்யலைன்னா என்ன பண்றாங்க? "பீஸ் போயிருக்கும், வேற வாங்கிக்கலாம்." ரெண்டாவதும் வேலை செய்யலையா? மூணாவது. என்னைக் கேட்டா, ரெடிமேட் வாங்கறதும் இதுவும் ஒண்ணுதான். ரெண்டுமே பிள்ளைக்குச் சொல்லித் தர்றது ஒரே பாடம்: பிரச்னைன்னு வந்தா யோசிக்காதே, பர்ஸைத் திற.

பொத்தாம் பொதுவாப் பேசினா "சும்மா மொக்கை போடறான்"னு போயிடுவீங்க. அதனால ஒரு நிஜமான கேஸைப் பார்ப்போம்.

எங்க குடியிருப்புல மூணாவது மாடியில ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. கம்பெனியில பெரிய வேலை. பொண்ணு ஒன்பதாவது. அது யார் சொல்லியும் இல்லாம தானே ஒண்ணு கட்டியிருக்கு. படிக்கற மேசை மேல ஒரு சின்ன எல்சிடி, ரெண்டு வரி, வரிக்கு 16 எழுத்து. அது ஒரு ஆர்டுவினோ போர்டுல போய்ச் சேரும், போர்டு யுஎஸ்பி வழியா லேப்டாப்புல. லேப்டாப்புல ஒரு சின்ன பைத்தான் நிரல். நாளைக்கு என்ன பீரியட், என்ன டெஸ்ட்டுன்னு அது அனுப்ப, எல்சிடி காட்டணும். இதுதான் திட்டம். நல்ல திட்டம்! ஒன்பதாவது படிக்கையில எனக்கெல்லாம் கால்குலேட்டரைத் தொடவே பயம் :-)

ஆனா எல்சிடியில எழுத்து வரலை. மேல் வரி முழுக்க 16 கறுப்புக் கட்டம், கீழ் வரி காலி. அண்ணாச்சி ரெண்டாவது எல்சிடி வாங்கித் தந்துட்டார். அதுலயும் அதே கறுப்புக் கட்டம். மூணாவது வாங்கக் கிளம்பறப்பதான் லிஃப்ட்ல என்னைப் பிடிச்சார்.

"சார், எல்சிடில நல்ல பிராண்டு எது சார்? ரெண்டு வாங்கியாச்சு, ரெண்டும் டூப்ளிகேட்டு."

"அண்ணாச்சி, டூப்ளிகேட்டுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"வேலை செய்யலயே சார்!"

பின்னாடி நின்ன பொண்ணு மெதுவாச் சொல்லிச்சு: "எனக்கு இதெல்லாம் வராது அங்கிள். நான் காமர்ஸே எடுத்துக்கறேன்."

எனக்குச் சுருக்குன்னு குத்தினது இதுதான். எல்சிடி விலை நூத்திச் சொச்சம், போனாப் போகுது. காமர்ஸ் எடுக்கறதுலயும் ஒரு தப்பும் இல்லை, நல்ல படிப்பு. ஆனா ஆசைப்பட்டு எடுக்கறது வேற, ஒரு எல்சிடி பேசலைங்கறதுக்காகத் தன்னை மக்குன்னு முடிவு கட்டிட்டு எடுக்கறது வேற. ஒவ்வொரு தடவை அப்பா புது எல்சிடி வாங்கிட்டு வர்றப்பவும் அந்தப் பொண்ணு காதுல விழற சேதி என்ன? "இதைக் கண்டுபிடிக்க உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது." அண்ணாச்சி அப்படி நினைச்சுச் செய்யலை, பாசத்துல செஞ்சார். பாசத்துல செஞ்சாலும் பாடம் அதேதான்.

இப்ப அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு வருவோம். அது என்ன சொல்லுதுன்னு யாராவது கேட்டாங்களா?

இந்த மாதிரி எழுத்துக் காட்டற எல்சிடிக்குப் பின்னாடி ஒரு சில்லு இருக்கும். 1980-கள்ல ஹிட்டாச்சி கொண்டுவந்த எச்டி44780, இல்லைன்னா அதே பாஷை பேசற இன்னொரு சில்லு. கரண்ட் வந்த உடனே அதுக்கு ஒரு முறைப்படி கட்டளை அனுப்பணும்: எத்தனை வரி, எட்டுக் கம்பியில பேசப் போறேனா நாலு கம்பியிலயா, திரையைத் துடை, இப்படி. அந்தக் கட்டளை போய்ச் சேரலைன்னா சில்லு தானா ஒரு வரி நிலையில உக்கார்ந்துடும். அப்ப மேல் வரி கறுப்புக் கட்டமாவும் கீழ் வரி காலியாவும் தெரியும்.

அதாவது கறுப்புக் கட்டம் தெரியுதுன்னா என்ன அர்த்தம்? சில்லுக்குக் கரண்ட் வருது. கான்ட்ராஸ்ட் சரியா இருக்கு. கண்ணாடி நல்லா இருக்கு. ஆனா யாரும் அதுகிட்ட இன்னும் பேசலை. "நான் நல்லாத்தான் இருக்கேன், என்கிட்ட ஒண்ணும் வந்து சேரலை"ன்னு அது தன்னால முடிஞ்ச ஒரே பாஷையில சொல்லிட்டு இருக்கு. நாம என்ன பண்றோம்? நல்லா இருக்குன்னு சொல்றவனையே தூக்கிக் குப்பையில போட்டுட்டு, அதே மாதிரி இன்னொருத்தனைக் கூட்டிட்டு வர்றோம்!

இப்படி ஒவ்வொரு கோளாறும் ஒரு வாக்குமூலம். கேக்கத் தெரிஞ்சா போதும்.

பின்னாடி வெளிச்சமே வரலையா? அது 15, 16-ஆவது பின். பேக்லைட்டுக்கும் சில்லுக்கும் கரண்ட் தனித்தனி. சில்லுக்கு 1, 2. அதனால வெளிச்சம் வந்தா மட்டும் சில்லுக்குக் கரண்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. வெளிச்சம் வரலைங்கறதுக்காகச் சில்லு செத்துடுச்சுன்னும் அர்த்தம் இல்லை.

வெளிச்சம் இருக்கு, கட்டமும் இல்லை எழுத்தும் இல்லை, வெறும் பச்சையோ நீலமோ? மூணாவது பின்னைப் பாருங்க. கான்ட்ராஸ்ட். அங்க 10 கிலோ ஓம் பாட் ஒண்ணு மாட்டித் திருகணும். பெரும்பாலான எல்சிடியில அந்தப் பின்ல ஒரு வோல்ட்டுக்கும் குறைவா இருந்தாத்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். எழுத்து அழகா வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாம உக்கார்ந்திருக்கும். இதனால குப்பைக்குப் போன நல்ல எல்சிடி எத்தனையோ!

எழுத்து வருது, ஆனா கந்தரகோலமா வருதா? நாலு கம்பி முறையில ஒரு எழுத்தை ரெண்டு பாதியா அனுப்பறோம். நடுவுல ஒரு பாதி தவறினா அதுக்கப்புறம் எல்லாமே ஒரு பாதி தள்ளிப் போய்ச் சேரும். இல்லைன்னா ரெண்டு டேட்டா வயர் இடம் மாறியிருக்கும். இல்லைன்னா அவசரம்: சாதாரணக் கட்டளைக்கு அந்தச் சில்லுக்கு 37 மைக்ரோ செகண்ட் போதும், திரையைத் துடைக்க மட்டும் 1.52 மில்லி செகண்ட் வேணும். துடைச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்ததை அனுப்பினா அது காதுல விழாது. நம்ம வீட்டு ரங்கமணிகள் டிவி பார்க்கற மாதிரின்னு வச்சுக்குங்க.

அஞ்சாவது பின், ஆர்டபிள்யூ, எங்கயும் மாட்டாம அந்தரத்துல தொங்குதா? படிக்கணுமா எழுதணுமான்னு சில்லுக்கே குழப்பம். எழுத மட்டும்தான் போறீங்கன்னா அதைக் கிரவுண்டுல கட்டிடுங்க. ராஸ்பெர்ரி பையில மாட்டறவங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். சில்லு 5 வோல்ட்டுல பதில் சொல்ல ஆரம்பிச்சா, பையோட 3.3 வோல்ட் பின் தாங்காது.

பின்னாடி சின்ன அட்டை ஒட்டின நாலு வயர் எல்சிடியா? அந்த அட்டையில இருக்கற சில்லுக்கு ஒரு முகவரி உண்டு. பிசிஎஃப்8574-னா பெரும்பாலும் ஹெக்ஸ் 27, அதுவே பிசிஎஃப்8574ஏ-ன்னா ஹெக்ஸ் 3எஃப். நிரல்ல ஒண்ணு, அட்டையில இன்னொண்ணு இருந்தா, தபால்காரர் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிப்பார். அட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிக்க ஒரு நிமிஷம் ஆகும். முகவரி தேடற நிரலை ஓடவிட இன்னொரு நிமிஷம்.

இதுல ஒண்ணாவது ராக்கெட் விஞ்ஞானமா? கண்ணால பார்க்கறது, பார்த்ததை வச்சு எது எல்லாம் காரணமா இருக்க முடியாதுன்னு கழிக்கறது, மிச்சத்தை ஒவ்வொண்ணா அளக்கறது. நம்ம தங்கமணி குக்கர் விசில் வரலைன்னா என்ன பண்றாங்க? புதுக் குக்கரா வாங்கறாங்க? கேஸ்கட்டைப் பார்ப்பாங்க, வெயிட்ல அடைப்பு இருக்கான்னு பார்ப்பாங்க, தண்ணி ஊத்தினோமான்னு யோசிப்பாங்க. அதே மூளைதான். வயரைக் கண்டா மட்டும் எங்க போயிடுது அது?

சரி, அண்ணாச்சி வீட்டுக் கதை. அன்னிக்குச் சாயந்திரம் போனேன். ஒரு நிபந்தனை போட்டேன்: வயரை நான் தொட மாட்டேன், கேள்வி மட்டும் கேப்பேன், பதில் மீட்டர் சொல்லணும். மல்டிமீட்டர் என் வீட்டுது, சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

"கறுப்புக் கட்டம் தெரியுது. அப்ப எது நல்லா இருக்கு?" கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கரண்ட்டு... கான்ட்ராஸ்ட்டு..."ன்னுச்சு. அளந்து பாருன்னேன். 1, 2-க்கு நடுவுல கிட்டத்தட்ட 5 வோல்ட். மூணாவதுல அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டையும் நோட்டுல எழுதிச்சு. "அப்ப மிச்சம் என்ன?" "ஆர்டுவினோ பேசறது இங்க வரலை." "ஆர்டுவினோ பேசுதா?" போர்டுல இருக்கற குட்டி விளக்கைச் சிமிட்ட வச்சுப் பார்த்துச்சு. சிமிட்டிச்சு. நிரல் போர்டுல ஏறுது, ஓடுது. "அப்ப நடுவுல வழியில எங்கயோ."

கரண்ட்டை எடுத்துட்டு, பீப் சத்தம் போடற முறையில மீட்டரை வச்சு, ஒவ்வொரு வயரையும் ஆர்டுவினோ முனையிலிருந்து எல்சிடி போர்டு மேல இருக்கற வட்டம் வரைக்கும் பார்த்துச்சு. 4-ஆவது பின், பீப். 6-ஆவது பின்... சத்தம் இல்லை. எல்சிடியை விரலால கொஞ்சம் அழுத்தினா, பீப். விரலை எடுத்தா நின்னு போச்சு.

விஷயம் வெட்ட வெளிச்சம். எல்சிடி கூட 16 முள்ளு உள்ள ஒரு வரிசை தனியாத் தருவாங்க. அதை ஓட்டையில சும்மா சொருகி, பிரெட்போர்டுல நிறுத்தியிருக்கு. சால்டரே வைக்கலை. கரண்ட் போற முள்ளு தற்செயலாத் தொட்டிருக்கு, அதனால கறுப்புக் கட்டம் வந்திருக்கு. 6-ஆவது முள்ளுதான் 'இ', அதாவது 'இப்ப படிச்சுக்கோ'ன்னு சில்லைத் தட்டி எழுப்பற பின். அது தொடலை. டேட்டா எல்லாம் வாசல்ல நிக்குது, காலிங் பெல் மட்டும் வேலை செய்யலை.

இப்ப முக்கியமான இடம். ரெண்டாவது எல்சிடியும் ஏன் அதே மாதிரி நடந்துச்சு? அதையும் அதே மாதிரி சொருகித்தான் வச்சிருந்தது. மூணாவது வாங்கியிருந்தா? அதே கறுப்புக் கட்டம். பத்து வாங்கியிருந்தாலும் அதே. கோளாறு எல்சிடியிலயே இல்லை, அதை மாட்டின விதத்துல இருக்கு. காரணம் தெரியாம பொருளை மாத்தினா, காரணத்தையும் சேர்த்துப் புதுப் பொருள்ல மாட்டறோம். இது எல்சிடிக்கு மட்டுமான விதி இல்லைன்னு உங்களுக்கே புரியும். டியூஷன் சரியில்லைன்னு மூணு டியூஷன் மாத்தற குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சால்டரிங் அயர்ன்னு சொன்ன உடனே அண்ணாச்சி பதறிட்டார். "சுடும் சார், சின்னப் புள்ள!" நான் கேட்டேன், "பாப்பா தோசை சுடுமா?" "அதெல்லாம் அருமையாச் சுடும்." "தோசைக் கல்லும் சுடும்தானே அண்ணாச்சி?" ஜன்னலைத் திறந்து வச்சு, 25 வாட் அயர்ன்ல, பக்கத்துலயே அப்பா நிக்க, 16 முள்ளுக்கும் பொண்ணே ஈயம் வச்சுச்சு. முதல் ரெண்டு உருண்டை உருண்டையா வந்துச்சு. அஞ்சாவதுக்கு மேல நல்லாவே வந்துச்சு. மாட்டினா எழுத்து வந்துடுச்சு. தூக்கிப் போட வச்சிருந்த முதல் எல்சிடியும் அதே மாதிரி உயிரோடதான் இருந்துச்சு. 'டூப்ளிகேட்டு' ரெண்டும் அசல்!

இத்தோட முடியலை. இனிமே வந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆர்டுவினோ தானா எழுதினா வருது, லேப்டாப்புல இருந்து அனுப்பினா வரலை. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பொண்ணு சொல்லிச்சு, "அங்கிள், ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் செகண்டுக்கு ஒண்ணா அனுப்பிப் பார்க்கறேன், எது வருதுன்னு தெரியும்ல." அனுப்பிச்சு. 1 இல்லை, 2 இல்லை, 3-லிருந்து பத்து வரைக்கும் வந்துச்சு. திரும்பவும் அனுப்பினா திரும்பவும் 3-லிருந்து. காரணம் இதுதான்: கம்ப்யூட்டர் அந்த சீரியல் போர்ட்டைத் திறக்கற நொடியில ஆர்டுவினோ ஊனோ ரீசெட் ஆகும். மறுபடி எழுந்து கண்ணைக் கசக்கறதுக்குள்ள முதல்ல அனுப்பினது போயே போச்சு. நிரல்ல போர்ட்டைத் திறந்ததும் ரெண்டு மூணு செகண்ட் காத்திருன்னு ஒரு வரி சேர்த்தா சரி. காரணத்துக்கு என்ன பேருன்னு நான் சொன்னேன். ஆனா முதல் ரெண்டு செகண்டுலதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணு. அரை மணி நேரம் முன்னாடி "எனக்கு வராது"ன்ன அதே பொண்ணு.

கடைசியா ஒரு வேடிக்கை. ஒவ்வொரு வரி முடிவுலயும் புரியாத ரெண்டு கோலம். அது வரி முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் சேர்த்து அனுப்பற 13-ம் 10-ம். எல்சிடிக்கு அந்த வழக்கம் தெரியாது, அதையும் எழுத்துன்னு நினைச்சு வரைஞ்சுடும். ஏன் அந்தக் கோலம்னு கேட்டா, அந்தச் சில்லுல நாமளே வரைஞ்சுக்கற எழுத்துக்கு எட்டு இடம் ஒதுக்கியிருக்காங்க, 10-ம் 13-ம் அந்த இடத்தைத்தான் காட்டும். நாம ஒண்ணும் வரையாததால உள்ள இருந்த குப்பை தெரிஞ்சது. "அப்ப தமிழ்ல வரையலாமா அங்கிள்?" வரையலாமே! அஞ்சுக்கு எட்டுப் புள்ளி. 'ப'வும் 'ட'வும் சுலபம், கட்டம் கட்டமான எழுத்து. 'அ' போட்டா நாக்குத் தள்ளிடும். ப, துணைக்கால், ட், டி: நாலே கட்டத்துல 'பாட்டி' வந்துடுச்சு. பாளையங்கோட்டைல இருக்கற பாட்டிக்கு வீடியோ கால்ல காட்டிச்சு. வீட்டுல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ், ரோட்டுல மராட்டின்னு வளர்ற பொண்ணு அன்னிக்குத் தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியா எண்ணிச்சு. எந்த ரெடிமேட் புராஜெக்ட்ல இது கிடைக்கும்?

இப்ப நீங்க சொல்லப் போற சமாதானங்களுக்கு வர்றேன். எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவைதான்.

"எங்களுக்கு ஏதுங்க நேரம்?" ஆணி புடுங்கற வேலையில நேரம் இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா ரெடிமேட் வாங்க வண்டியை எடுத்து, அந்த நெரிசல்ல பார்க்கிங் தேடி, பேரம் பேசித் திரும்பற நேரத்தைக் கணக்குப் பாருங்க. நாங்க உக்கார்ந்தது ரெண்டரை மணி நேரம். மார்க்கெட் போய் வரவும் கிட்டத்தட்ட அதே ஆகும்.

"மார்க் முக்கியம் சார், வேலை செய்யலைன்னா டீச்சர் மார்க் போட மாட்டாங்க." இதுல நியாயம் இருக்கு. இந்தச் சண்டையில பாதி பள்ளிக்கூடத்தோடதான் போடணும். வேலை செய்யாத மாடலோட, "இதை இதை அளந்தேன், இது இது காரணம் இல்லைன்னு தெரிஞ்சது, இங்க நிக்கறேன்"னு நோட்டு கொண்டு வர்ற பிள்ளைக்கு, காசு குடுத்து வாங்கின மாடலை விட அதிக மார்க் போடணும். அடுத்த பெற்றோர் கூட்டத்துல இதைக் கேளுங்க. பஸ் கட்டணத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசறோம்ல, இதுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கலாம். காசில்லைன்னும் சொல்ல முடியாது. 2016-ல தொடங்கின அடல் இன்னோவேஷன் மிஷன்ல தேர்வான பள்ளிக்கு டிங்கரிங் லேப் வைக்க 20 லட்சம் ரூபாய் வரைக்கும் தர்றாங்க. 2025 பட்ஜெட்ல அரசுப் பள்ளிகள்ல அஞ்சு வருஷத்துல இன்னும் 50,000 லேப்னு அறிவிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளியில அந்த அலமாரிச் சாவி ஆபீஸ்ல தொங்குது, பெரிய மனுஷங்க பார்வையிட வந்தா மட்டும் திறப்பாங்க. பூட்டின அலமாரியில எத்தனை லட்சம் இருந்தா என்ன?

"ஏஐ கிட்ட கேட்டா நொடியில சொல்லிடுமே?" கேளுங்க, நானும் கேக்கறேன். கறுப்புக் கட்டம்னா என்ன காரணமா இருக்கலாம்னு பத்து வரியில அழகாச் சொல்லும், சால்டர் வைக்காததையும் அதுல சேர்த்தே சொல்லும். ஆனா உங்க மேசை மேல அந்தப் பத்துல எதுன்னு மீட்டர்தான் சொல்லணும், மீட்டரைப் பிடிக்க ஒரு கை வேணும். பட்டியல் அது தரட்டும், கழிக்கறதை நம்ம பிள்ளை செய்யட்டும்.

"நாங்க எலக்ட்ரானிக்ஸ் படிக்கலையே!" வேண்டாமே. அன்னிக்கு நான் சொல்லித் தந்தது கொஞ்சம், கேட்டது நிறைய. என்ன தெரியுது, அதனால எது நல்லா இருக்கு, மிச்சம் என்ன, அதை எப்படி அளக்கலாம். இந்த நாலு கேள்வி கேக்க டிகிரி வேண்டாம்.

"அந்தக் காலத்துல நாங்க..."ன்னு கொசுவத்தி சுத்தறேன்னு நினைக்காதீங்க. ஆனா ஒரு சுத்து சுத்திக்கறேன். நான் காலேஜ்ல இருந்தப்ப யுஎஸ்பி ஆர்டுவினோ எல்லாம் கிடையாது. இதே எல்சிடியைக் கம்ப்யூட்டரோட பிரிண்டர் போர்ட்டுல மாட்டுவோம். 25 பின். 2-லிருந்து 9 வரைக்கும் டேட்டா, 1, 14, 16, 17 கன்ட்ரோல். அதுல 16 தவிர மத்த மூணும் தலைகீழ்: நிரல்ல 1 எழுதினா வெளியில 0 வரும். அந்தப் போர்ட்டுல 5 வோல்ட் சப்ளை கிடையாது, வேற எங்கயாவது கடன் வாங்கணும். கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கற வயர்ல சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட். மஞ்சள்ல மாட்டினா எல்சிடிக்குச் சங்கு. விண்டோஸ் எக்ஸ்பி வந்தப்புறம் சாதாரண நிரலைப் போர்ட்டை நேராத் தொட விடலை, நடுவுல ஒரு டிரைவர் வேணும். இன்னிக்கும் சிலர் பழைய சர்க்யூட்டைப் பார்த்துட்டு யுஎஸ்பி பிரிண்டர் கேபிளை வாங்கி முயற்சி பண்றாங்க. அது பிரிண்டர் பாஷை மட்டும்தான் பேசும், பழைய மாதிரி ஒவ்வொரு பின்னாத் தூக்கி இறக்க முடியாது. அந்தக் காலம் உசத்தின்னு சொல்ல வரலை. இன்னிக்கு எல்லாமே சுலபம், சல்லிசு, சில்லோட முழு விவரமும் இலவசமாக் கிடைக்குது. அப்பவும் இப்பவும் மாறாதது அந்தக் கறுப்புக் கட்டம் ஒண்ணுதான். அதுக்கு அர்த்தம் அன்னிக்கும் அதேதான்.

ஆனா ஒண்ணு நிஜமாவே மாறியிருக்கு. அது நம்ம ஊர் விட்டு வந்தவங்களுக்கு மட்டுமே உரிய நஷ்டம். ஊர்ல தெருமுனையில ஒரு ரேடியோ கடை இருக்கும். டிவி கெட்டா மெக்கானிக் வீட்டுக்கே வருவார், பின்மூடியைக் கழட்டுவார், தெருப் பசங்க மொத்தமும் சுத்தி நிக்கும். அவர் மீட்டரை வச்சு, "இங்க வருது, இங்க வரலை"ன்னு முணுமுணுக்கறதைக் கேட்டே நாம வளர்ந்தோம். யாரும் பாடம் எடுக்கலை, ஆனா கழிக்கற கலை காதுல விழுந்துச்சு. இங்க? அடுக்கு மாடி, சாத்தின கதவு. ஏதாவது கெட்டா ஆப்ல புக் பண்றோம், வர்றவர்கிட்ட அரைகுறை இந்தியில "சேஞ்ச் கர் தோ"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடறோம். பிள்ளை பார்க்கறது இந்த ரெண்டு வார்த்தையைத்தான். மாமா பெரியப்பா யாரும் பக்கத்துல இல்லாத ஊர்ல, பிள்ளைக்கு அந்த முணுமுணுப்பைக் கேக்க வைக்க நம்மளை விட்டா ஆள் கிடையாது.

நாமெல்லாம் இந்த ஊருக்கு வந்து நிக்கறது எதனால? மார்க் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு, உண்மைதான். உள்ள நிலைக்க வச்சது வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தப்ப, "இது நல்லா இருக்கு, இதுவும் நல்லா இருக்கு, அப்ப அங்கதான்"னு சொல்லத் தெரிஞ்சதாலதான் வேலை நிலைச்சுது. நம்ம சோறே அந்தத் திறமையில வேகுது. அதை ஆபீஸ்ல வச்சுட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகிட்ட பர்ஸை நீட்டறோம்.

அதனால வேலை செய்யாத பொருளோட பிள்ளை வந்து நின்னா, தயவு செஞ்சு "எங்க கிடைக்கும்"னு தேட ஆரம்பிக்காதீங்க. "என்ன தெரியுது?"ன்னு கேளுங்க. பதில் வர நேரம் ஆகும். வாயை மூடிட்டுக் காத்திருங்க. அந்த மௌனத்துலதான் பிள்ளை யோசிக்குது. அப்படியும் எல்சிடிதான் போயிருக்குன்னு பிள்ளை அளந்து காட்டினா, அப்ப தாராளமாப் புதுசு வாங்கிக் குடுங்க, நானே கூட வர்றேன். பேரம் பேசற மராட்டி எனக்கு நல்லாவே வரும் :-)